கொட்டாஞ்சேனையில் துறவியாக வாழ்ந்த சியாம் இளவரசர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் தீபதுத்தமாராமய என்ற பழைய பௌத்த விகாரை ஒன்று இருக்கிறது. 1806இல் தொடங்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் தலைமைப் பிக்குவாக இருந்தவர் ஒரு சியாம் இளவரசர். காவியுடை தரிக்குமுன் ஐரோப்பிய அரசர்களின் அவைகளில் தன் நாட்டுக்காகப் பேரம் பேசியவர். ஊரைப் பற்றி எழுதத் தொடங்கிய நாளிலிருந்து இவரைப் பற்றித்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் போட்டுவைக்கிறேன்.

யார் இந்த இளவரசர்?

பெயர் பிரிஸ்டாங் சும்சாய். பிறந்தது 1852. சியாமின் மூன்றாம் ராமா மன்னருக்குப் பேரன். அந்தக் காலத்துச் சியாம்தான் இன்றைய தாய்லாந்து. அவர் வளர்ந்து உத்தியோகத்துக்கு வந்தபோது அரியணையில் இருந்தவர் சுலாலங்கோர்ன், அதாவது ஐந்தாம் ராமா. முறைக்கு மன்னர் இவருக்குச் சித்தப்பா. ஆனால் வயதில் இவர்தான் மூத்தவர். துறவு பூண்டபின் பெற்ற பெயர் ஜினவரவம்ச. இலங்கைப் பத்திரிகைகளிலும் விகாரைப் பதிவுகளிலும் அந்தப் பெயரில்தான் தேடவேண்டும்.

இளவரசர் என்றால் அரியணைக்கு உரிமை இருந்ததா?

இல்லை. சியாமில் அரச குடும்பம் மிகப் பெரியது. தலைமுறை இறங்க இறங்கப் பட்டமும் சுருங்கிக்கொண்டே போகும். பேரப்பிள்ளை நிலையில் பிறந்தவருக்குப் பெயருக்கு முன்னால் ஒரு பட்டம் இருக்கும், கையில் பெரிய சொத்து இருக்காது. படித்து, உத்தியோகம் பார்த்துத்தான் மேலே வரவேண்டும். பிரிஸ்டாங்கும் அப்படித்தான் வந்தார். சிங்கப்பூரில் கொஞ்சக் காலம், பிறகு லண்டன் கிங்ஸ் கல்லூரி. அங்கே பொறியியல் படித்து 1876இல் சிறப்பாகத் தேறினார். பிற்பாடு அவருக்கு நேர்ந்ததையெல்லாம் புரிந்துகொள்ள இந்தப் படிப்பு முக்கியம். எந்த இயந்திரம் எங்கே பழுது, எப்படித் திருத்தலாம் என்று பார்க்கும் கண் அவருக்கு வந்துவிட்டது. அந்தக் கண்ணால் சொந்த அரசாங்கத்தையும் பார்த்தார்.

தூதராக என்ன செய்தார்?

1882இல் ஐரோப்பாவில் தங்கியிருந்து பணிபுரியும் சியாமின் முதல் தூதராக நியமிக்கப்பட்டார். முதலில் லண்டன், பிறகு பாரிஸ். பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி என்று பல நாடுகளுக்கும், கடல் கடந்து அமெரிக்காவுக்கும் அவர் ஒருவரே தூதர். ஒரு தலைநகரில் கடிதம் கொடுத்துவிட்டு அடுத்த தலைநகருக்கு ரயில் ஏறுவார். வயது முப்பதுதான்.

காலத்தையும் யோசித்துப் பாருங்கள். மேற்கே பர்மாவில் பிரிட்டன், கிழக்கே வியட்நாமில் பிரான்ஸ், நடுவில் சியாம். இரண்டில் ஒன்று எந்த நேரமும் விழுங்கிவிடலாம் என்ற நிலை. சியாமிடம் ஐரோப்பியரை எதிர்த்து நிற்கும் கப்பற்படை இல்லை, தரைப்படையும் இல்லை. இருந்ததெல்லாம் ஒப்பந்தங்கள். அவற்றை வாசித்து, எந்த வரியில் தன் நாடு கட்டுண்டு கிடக்கிறது என்று கண்டுபிடித்து, அதைத் தளர்த்துவதற்கு வாதாட ஓர் ஆள் வேண்டும். பிரிஸ்டாங்தான் அந்த ஆள்.

வர்த்தக விஷயங்களில் அவர் பங்கு என்ன?

இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. இளவரசர், தூதர் என்றதும் விருந்தும் பதக்கமும்தான் நினைவுக்கு வருகின்றன. அவருடைய மேசையில் இருந்ததோ சாராயமும் தபாலும்.

முதலில் சாராயம். 1855இல் சியாம் பிரிட்டனோடு செய்துகொண்ட பௌரிங் ஒப்பந்தத்தின்படி, இறக்குமதிப் பொருளுக்கு 3 வீதத்துக்கு மேல் தீர்வை விதிக்க முடியாது. பிரிட்டிஷ் பிரஜைகளைச் சியாம் நீதிமன்றம் விசாரிக்கவும் முடியாது. பிற ஐரோப்பிய நாடுகளும் இதே மாதிரி ஒப்பந்தங்களை எழுதி வாங்கிக்கொண்டன. விளைவு என்ன? உள்ளூரில் வடிக்கும் சாராயத்துக்கு அரசு நல்ல வரி வாங்கியது. அந்த வரி கருவூலத்துக்கு முக்கியமான வருமானம். வெளியிலிருந்து வந்த மலிவான சாராயமோ 3 வீதத்தோடு சந்தையில் புகுந்தது. விற்பவர் அந்நியக் கொடியின் நிழலில் நிற்பவர் என்றால் அவரைத் தட்டிக்கேட்கவும் வழியில்லை. கருவூலமும் மெலிந்தது, ஊரும் கெட்டது.

இதைச் சரிசெய்ய 1883 ஏப்ரலில் லண்டனில் பிரிட்டனோடு ஓர் உடன்பாடு கையெழுத்தானது. உள்ளூர்ச் சாராயத்துக்கு என்ன வரியோ, இறக்குமதிச் சாராயத்துக்கும் அதே வரி என்பது அதன் சாரம். சின்ன வெற்றி மாதிரித் தெரியும். ஆனால் கை கட்டப்பட்டிருந்த ஒரு நாடு, சண்டை போடாமல் ஒரு முடிச்சை அவிழ்த்துக் காட்டியது. என்னைக் கேட்டால், அவருடைய தூதுப் பணியிலேயே இதைத்தான் முதலில் சொல்வேன்.

அப்புறம் தபால். பாங்கொக்கில் 1883 ஆகஸ்டில்தான் தபால் சேவையே தொடங்கியது. இரண்டே ஆண்டில், 1885 ஜூலை 1ஆம் திகதி, சியாம் அனைத்துலகத் தபால் ஒன்றியத்தில் உறுப்பு நாடாகச் சேர்ந்தது. அந்தப் பேச்சுவார்த்தைகளில் நாட்டின் சார்பில் இருந்தவர் பிரிஸ்டாங். கடிதம் அனுப்ப வசதி வந்ததோடு விஷயம் முடியவில்லை. அப்படி ஓர் ஒன்றியத்தில் சமமான உறுப்பினராக உட்காரும் நாட்டை ‘ஆட்சி நடத்தத் தெரியாத நாடு’ என்று சொல்லிப் பிடித்துக்கொள்வது கொஞ்சம் கஷ்டம். 1886இல் ஊர் திரும்பியதும் தபால், தந்தித் துறையின் பொறுப்பையும் அவரிடமே கொடுத்தார்கள்.

1885ஆம் ஆண்டு விண்ணப்பம் என்கிறார்களே, அது என்ன?

அவர் வாழ்க்கை திரும்பிய இடம் அது.

பிரெஞ்சுக்காரரும் பிரிட்டிஷாரும் இரண்டு பக்கமும் நெருங்கிக்கொண்டிருந்தபோது, என்ன செய்யலாம் என்று மன்னர் பிரிஸ்டாங்கிடம் தனிப்பட்ட முறையில் யோசனை கேட்டார். அவர் தனியே பதில் எழுதி அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. ஐரோப்பாவில் இருந்த மற்ற இளவரசர்களோடும் அதிகாரிகளோடும் உட்கார்ந்து பேசி, 11 பேர் கையெழுத்தோடு நீண்ட விண்ணப்பம் ஒன்றை 1885 ஜனவரியில் அனுப்பினார். அதில் நான்கு பேர் இளவரசர்கள்.

விண்ணப்பத்தின் வாதம் நேரானது. ஐரோப்பியர் ஒரு நாட்டைப் பிடிக்கும்போது, ‘இங்கே நீதி இல்லை, ஒழுங்கு இல்லை, நாங்கள் வந்தால்தான் திருந்தும்’ என்று காரணம் சொல்கிறார்கள். அந்தக் காரணத்தை நாமே இல்லாமல் ஆக்கவேண்டும். படையாலும் முடியாது, சாமர்த்தியமான பேச்சாலும் முடியாது, பழைய ஒப்பந்தங்களை நம்பியும் பயனில்லை. ஆகவே எல்லாவற்றையும் மன்னர் ஒருவரே முடிவுசெய்வதை விட்டு, பொறுப்புள்ள அமைச்சரவையிடம் நிர்வாகத்தைக் கொடுக்கவேண்டும். வாரிசுரிமைக்குச் சட்டம் வேண்டும். ஊழல் ஒழிய அதிகாரிகளுக்கு ஒழுங்கான சம்பளம் வேண்டும். சட்டம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவேண்டும். மக்கள் தங்கள் கருத்தைச் சொல்ல இடம் வேண்டும்.

முழு அதிகாரமுள்ள ஒரு மன்னருக்கு, அவருடைய சொந்தக் குடும்பத்தவரே எழுதிய கடிதம் இது. மன்னர் கோபத்தில் எவரையும் சிறையில் தள்ளவில்லை. பொறுமையாகப் பதில் எழுதினார். சீர்திருத்தம் வேண்டும், ஆனால் முதலில் நிர்வாகத்தைச் சீராக்கவேண்டும், அதை நடத்தத் தகுதியான ஆட்கள் போதவில்லை என்பது அவர் நிலைப்பாடு. 1892இல் அவர் 12 அமைச்சுகளை ஏற்படுத்தி நிர்வாகத்தை மாற்றியமைத்தார். அதிகாரம் மட்டும் அவர் கையிலேயே இருந்தது.

இந்த விண்ணப்பம்தான் பிரிஸ்டாங் செய்த மிகப் பெரிய காரியம் என்பது என் எண்ணம். கீழே சொல்லப்போகும் புத்தரின் அஸ்தி விவகாரத்தால்தான் உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. அது வேறு. கேட்டவருக்குப் பிடித்ததைச் சொல்லாமல், கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைப் பெயர் போட்டு எழுதிக்கொடுத்தாரே, அதற்குத் துணிவு வேண்டும்.

அதற்காகத்தான் நாடு கடத்தப்பட்டாரா?

யாரும் அவரை நாடு கடத்தவில்லை. 1886க்குப் பின் பாங்கொக்கில் நாலு வருடம் உத்தியோகம் பார்த்தார். ஆனால் மன்னரின் பழைய நம்பிக்கை திரும்பவில்லை. அரண்மனைக்குள் அவருக்கு எதிரிகள் கூடினார்கள், வதந்திகளும் கிளம்பின. 1890இல் ஓர் அரசுக் குழுவோடு ஜப்பானுக்குப் போனவர், திரும்பும் வழியில் பதவியைத் துறந்துவிட்டார். பாங்கொக் திரும்பவில்லை. சில ஆண்டுகள் மலாயாவின் பேராக்கில் பிரிட்டிஷ் நிர்வாகத்தின்கீழ் வேலை பார்த்தார். தூதராக இருந்தவர், சம்பளத்துக்கு உழைக்கும் பொறியியலாளராக.

அங்கிருந்து இலங்கைக்கு ஏன் வந்தார்?

சியாமுக்கும் இலங்கைக்கும் துறவு வழியாகப் பழைய உறவு உண்டு. இலங்கையில் உபசம்பதா, அதாவது பிக்குகளுக்குரிய முழுத் தீட்சை, அற்றுப்போயிருந்தபோது, 1753இல் சியாமிலிருந்து உபாலி தேரர் வந்து அதை மீண்டும் ஏற்படுத்தினார். அந்த வழிவந்த பிக்குகளின் பிரிவுக்குச் சியாம் நிகாய என்ற பெயர் அதனால்தான். அவரை வரவழைத்த கண்டி மன்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், மதுரையிலிருந்து வந்த நாயக்கர் வம்சத்தவர். சைவக் குடும்பத்தில் பிறந்த அரசர் பௌத்தத்துக்கு உயிர் கொடுத்தார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும்.

பிரிஸ்டாங் 1896இல் இங்கே வந்து, களுத்துறைக்கு அருகேயுள்ள வஸ்கடுவையில் சுபூதி தேரரிடம் துறவு பூண்டார். சுபூதி பாலி மொழியில் பெரும் பண்டிதர். ஐரோப்பிய அறிஞர்கள் பலர் அவரோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார்கள். ஆகவே ஐரோப்பாவைத் தெரிந்த ஓர் இளவரசருக்கு அங்கே பேச்சுத் துணைக்குக் குறைவில்லை. பிற்பாடு கொஞ்சக் காலம் மாத்தறையில் ஒரு சின்னத் தீவிலும் ஆசிரமம் அமைத்து வாழ்ந்தார்.

அவர் துறவு பூண்ட சில வாரங்களிலேயே, 1897 ஜனவரி 15ஆம் திகதி, சுவாமி விவேகானந்தர் கொழும்புத் துறைமுகத்தில் வந்து இறங்கினார். அதே ஏப்ரலில் மன்னர் சுலாலங்கோர்னும் ஐரோப்பா போகும் வழியில் இலங்கைக்கு வந்தார். கண்டியில் புத்தரின் புனிதப் பல்லைத் தொட்டு வணங்க அனுமதி கிடைக்காமல் மனம் கசந்து போனது பிரசித்தம். கொழும்பு அப்போது எப்படிப்பட்ட சந்தியாக இருந்தது என்பதற்கு இந்த ஒரு வருடமே போதும்.

புத்தரின் அஸ்தியோடு அவருக்கு என்ன தொடர்பு?

1898 ஜனவரியில், நேபாள எல்லைக்குப் பக்கத்தில் பிப்ராவா என்ற இடத்தில், வில்லியம் பெப்பே என்ற பிரிட்டிஷ் தோட்ட நிர்வாகி தன் நிலத்திலிருந்த ஒரு மேட்டைத் தோண்டினார். செங்கல் தூபி ஒன்று வெளிப்பட்டது. அதன் அடியில் ஒரே கல்லில் குடைந்த பெரிய மணற்கல் பேழை. உள்ளே ஐந்து சிமிழ்கள்: நான்கு மாக்கல், ஒன்று பளிங்கு. பளிங்குச் சிமிழின் மூடிக்குக் கைப்பிடியாக ஒரு மீன். அந்த மீனின் குடைவான வயிற்றுக்குள் பொன் தகட்டில் வெட்டிய சின்னச் சின்ன நட்சத்திரங்கள். கூடவே எலும்புத் துண்டுகள், சாம்பல், நூற்றுக்கணக்கில் மணிகளும் ரத்தினங்களும். மாக்கல் சிமிழ் ஒன்றின் மூடியைச் சுற்றிப் பிராமி எழுத்து. இவை சாக்கியரின், அதாவது புத்தர் பிறந்த குலத்தவரின், புத்த பகவானுடைய தாது (உடலின் புனித எச்சம்) என்று அதைப் படித்தார்கள்.

அப்போது வட இந்தியாவில் தலயாத்திரையில் இருந்த ஜினவரவம்ச செய்தி கேட்டு நேரே பிப்ராவாவுக்குப் போனார். அங்கேதான் பழைய தூதர் விழித்துக்கொண்டார். பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு அவர் வைத்த யோசனை இது: இன்று உலகில் அரியணையில் இருக்கும் ஒரே சுதந்திர பௌத்த மன்னர் சியாம் மன்னர், எலும்புத் தாதுவை அவருக்கு அன்பளிப்பாகக் கொடுங்கள், அவர் மற்றப் பௌத்த நாடுகளோடு பகிர்ந்துகொள்ளட்டும்.

பிரிட்டனுக்கு இது மிகவும் வசதியாகப் போயிற்று. பர்மாவிலும் இலங்கையிலும் பௌத்தக் குடிமக்கள் ஏராளம். புத்தர் ஞானம் பெற்ற புத்தகயாவை யார் நிர்வகிப்பது என்று ஏற்கனவே சர்ச்சை ஓடிக்கொண்டிருந்தது. 1893இல் மீகொங் நதிக்கு அந்தப் பக்கத்தைப் பிரான்ஸிடம் இழந்த சியாமை அரவணைத்து வைக்கவும் பிரிட்டன் விரும்பியது. 1899இல் சியாமின் தூதுக்குழு வந்து தாதுவைப் பெற்றுப்போனது. பாங்கொக்கின் பொன்மலையில், வாட் சாகெட் ஆலயத்தில், அதைப் பிரதிஷ்டை செய்தார்கள். பங்குகள் பர்மாவுக்கும் இலங்கைக்கும் வந்தன. ஆக, தன்னை ஒதுக்கிய அதே மன்னருக்குப் பௌத்த உலகில் ஒரு பெரிய இடத்தை வாங்கிக்கொடுத்தார்.

அவருக்குக் கிடைத்ததோ ஒரு பழி. பிப்ராவாவில் ஓர் எலும்புத் துண்டை யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டார் என்று குற்றம் சாட்டினார்கள். மன்னரோடு சமாதானமாகி ஊர் திரும்பலாம் என்ற நம்பிக்கையில் அது மண்ணைப் போட்டது.

அந்தப் புதையலில் ஒரு பங்கு ரத்தினங்கள் பெப்பே குடும்பத்தின் வசம் இருந்தன. 2025 மே மாதம் ஹொங்கொங்கில் அவற்றை ஏலம் விடப்போவதாக அறிவிப்பு வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் ஏலம் தள்ளிப்போனது. ஜூலையில் அவை இந்தியாவுக்குத் திரும்பின. வழிபாட்டுக்குரிய பொருளை மணிக்கடைச் சரக்காக வைத்து விலை பேசலாமா என்ற கேள்விக்கு என் பதில் அன்றும் இன்றும் கூடாது என்பதுதான்.

கொட்டாஞ்சேனையில் அவர் என்ன செய்தார்?

தீபதுத்தமாராமய ஏற்கனவே பெயர் பெற்ற இடம். 1873 பாணந்துறை விவாதத்தில் கிறிஸ்தவப் போதகர்களோடு வாதிட்ட மிகெட்டுவத்தே குணானந்த தேரர் இருந்த விகாரை அது. 1885 வெசாக் நாளில் பௌத்தக் கொடி ஏற்றிய இடங்களில் முன்வரிசையில் இருந்ததும் அதுதான். 1890இல் குணானந்த தேரர் காலமானார். பின்னர் அங்கே வந்த ஜினவரவம்ச, ரத்ன சேதிய என்ற தூபியைக் கட்டினார். பார்த்தவுடனே வித்தியாசம் தெரியும். இலங்கையில் நாம் பார்த்துப் பழகிய வெள்ளைக் குமிழ் வடிவம் இல்லை. படிப்படியாக உயர்ந்து கூர்ந்து போகும் தென்கிழக்காசியச் சாயல்.

ஏழைப் பிள்ளைகளுக்கு ஓர் இலவசப் பாடசாலையும் நடத்தினார். வெளிநாடுகளிலிருந்து கொழும்பில் கப்பல் மாறும் பெரிய மனிதர்கள் பலர் ‘இளவரசப் பிக்கு’வைப் பார்க்க வருவார்கள். அவர்களிடம் பாடசாலைக்கும் விகாரைக்கும் உதவி கேட்பார். பேரம் பேசத் தெரிந்த கை சும்மா இருக்கவில்லை.

தமிழர் நாம் ஏன் இவரைத் தெரிந்துகொள்ளவேண்டும்?

நம் தெருவில் வாழ்ந்தவர் என்பதே போதும். அவர் விகாரையில் இருந்த அதே காலத்தில், நடந்துபோகும் தூரத்தில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் தன் தந்தை கட்டிய பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லில் எடுத்துக்கட்டிக்கொண்டிருந்தார். புனித லூசியா பேராலயத்தின் குவிமாடம் பக்கத்திலேயே. 1883 ஈஸ்டர் ஞாயிறன்று அந்த விகாரைக்குப் போன பௌத்த ஊர்வலம் ஒன்றில் கத்தோலிக்கருக்கும் பௌத்தருக்கும் மூண்ட கலவரத்தைக் கண்ட ஊர் இது. சரியாக நூறு வருடம் கழித்து, 1983இல், தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்ததையும் கண்ட ஊர். அதே ஊரில் அந்நிய நாட்டு இளவரசர் ஒருவர் வந்து பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்தினார் என்பதும் நம் வரலாறுதான். பக்கத்து வீட்டுக் கதையைத் தெரியாமல் சொந்த வீட்டுக் கதையை முழுதாகச் சொல்ல முடியாது.

கடைசிக் காலம் எப்படிப் போயிற்று?

கஷ்டமாகத்தான். 1910 அக்டோபரில் மன்னர் சுலாலங்கோர்ன் இறந்தார். இறுதி மரியாதை செலுத்த 1911இல் ஜினவரவம்ச பாங்கொக் போனார். அங்கே காவியைக் களையவேண்டி வந்தது. கொழும்புக்கு மறுபடி பிக்குவாகத் திரும்பும் வழியும் அடைபட்டது. பதவியும் துறவும் இல்லாமல், வறுமையில், இருபது வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். தன் வரலாற்றைத் தானே எழுதியும் வைத்தார்.

1932 ஜூன் 24ஆம் திகதி சியாமில் புரட்சி நடந்து, மன்னர் அரசியலமைப்புக்குக் கட்டுப்பட்டவர் ஆனார். 1885 விண்ணப்பம் போய் 47 வருடம் கழித்து. பிரிஸ்டாங் அதைப் பார்த்தார். அப்போது அவருக்கு எண்பது வயது. 1935இல் காலமானார்.

விகாரைக்கு யாரும் போகலாமா?

தாராளமாகப் போகலாம். செருப்பைக் கழற்றவேண்டும், தொப்பி வேண்டாம், தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். வெள்ளையோ வெளிர் நிறமோ என்றால் நல்லது. ஆறுதலாகப் பார்க்க விரும்பினால் போயா நாளைத் தவிருங்கள், கூட்டம் அதிகம். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்காதீர்கள். இதில் வெளிநாட்டவர் பலர் சிக்கலில் மாட்டியிருக்கிறார்கள். புறக்கோட்டையிலிருந்து ஆட்டோ பிடித்தால் கிட்டத்தான்.

அவர் தடயம் வேறெங்கே இருக்கிறது?

வஸ்கடுவை விகாரையைச் சொல்வேன். காலி வீதியில் களுத்துறைக்குச் சற்று முன்னால், கடற்கரைப் பக்கம். பெப்பே சுபூதி தேரருக்குக் கொடுத்த தாதுவை அங்கே இன்றும் பாதுகாத்து வருகிறார்கள். கொட்டாஞ்சேனையைக் காலையில் பார்த்துவிட்டுப் புறப்பட்டால் ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம்.